கேஸ் தீர்ந்துபோகாது, எங்கே போனது என்று கேளுங்கள்

சென்னையில் ஏப்ரல் பாதியைத் தாண்டிவிட்டால் ஏசி மெக்கானிக் கிடைப்பதே பெரிய விஷயம். கிடைத்தவரிடம் போனில் "கூலிங் இல்லைங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்: "கேஸ் கம்மியா இருக்கும் சார். ஃபில் பண்ணிடலாம். மூவாயிரம் ஆகும்." ஆள் இன்னும் வாசலை மிதிக்கவில்லை. மெஷினின் கம்பெனி பெயர்கூடக் கேட்கவில்லை. ஆனால் பழுதும் தெரிந்துவிட்டது, ரேட்டும் தெரிந்துவிட்டது.

இந்த ஒரு வாக்கியத்தோடு எனக்குப் பல வருஷத் தகராறு.

நம் மனதில் கேஸ் என்றால் சமையல் சிலிண்டர்தான். எரிய எரியக் குறையும், ஒருநாள் தீரும், அடுத்ததை மாட்ட வேண்டும். ஏசியில் இருப்பதும் அதே மாதிரி என்று நினைத்துக்கொண்டு, இரண்டு கோடைக்கு ஒருமுறை "கேஸ் போடுவதை" ஏதோ வழக்கமான செலவு போல ஏற்றுக்கொள்கிறோம். ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிவதில்லை, தேய்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே இருக்கும் காயிலில் ஆவியாகி அறைச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெளியே கம்ப்ரசர் அதை அழுத்தி, கண்டென்சரில் மறுபடி திரவமாக்கும்போது அந்தச் சூட்டைத் தெருவில் விட்டுவிட்டுத் திரும்புகிறது. மெஷினை மாட்டிய அன்று எத்தனை கிராம் இருந்ததோ, கழற்றிப் போடும் அன்றும் அத்தனை கிராம் இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைப் பார்க்காமல் போடும் கேஸ், நம் காசில் காற்றில் கலக்கப் போகும் கேஸ்.

அதனால் "கேஸ் கம்மி" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: "எங்க லீக்?" இரண்டாவது கேள்வி தேவைப்படுவதில்லை. பதில் சொல்லும் தொனியிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

சரி, மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நாமே பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. ரிமோட்டில் கூல் மோடுக்கான பனிச்செதில் படம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் டிரை மோடிலோ ஃபேன் மோடிலோ ஓடிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவுங்கள். இவ்வளவுக்கே பாதிப் பேரின் பிரச்சினை முடிந்துவிடும் என்று சொன்னால் மெக்கானிக்குகள் என்மேல் கோபப்பட மாட்டார்கள். வெயிலில் மாடி ஏறிவந்து ஃபில்டரைத் தட்டிவிட்டுப் போவது அவர்களுக்கும் எரிச்சலான வேலைதான்.

அடுத்து ஒரு தெர்மாமீட்டர். நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். 18 டிகிரியில், ஃபேனை வேகமாக வைத்து, கதவை மூடி, இருபது நிமிடம் ஓடவிடுங்கள். இன்டோர் யூனிட்டின் மேல்பக்கம் காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு அளவு, கீழே குளிர்காற்று வெளியே வரும் இடத்தில் ஒரு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். மூன்று, நான்கு டிகிரிதான் என்றால் கோளாறு உண்மை. ஒரு விஷயம்: சென்னை மாதிரி கசகசப்பான ஊரில், ஏசியின் சக்தியில் ஒரு பங்கு காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்குவதிலேயே போய்விடும். புழுக்கமான நாளில் வித்தியாசம் கொஞ்சம் குறைந்து தெரிந்தால் பதற வேண்டாம். ட்ரெயின் பைப்பில் தண்ணீர் நன்றாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது நல்ல செய்தி.

வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லை என்றால் குற்றவாளி மெஷின் இல்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில், பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் சாயங்காலம் நாலு மணிக்குச் சூட்டை உள்ளே இறக்கத் தொடங்கும். ஒரு டன் ஏசி என்றால் மணிக்கு 12,000 பிடியூ, அதாவது சுமார் மூன்றரை கிலோவாட் சூட்டை வெளியே தள்ள முடியும். (டன் என்பது மெஷினின் எடை இல்லை. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அந்தக் கணக்கு. ஐஸ் கட்டி விற்ற காலத்து அளவு, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) கூரையும் மேற்குச் சுவரும் சேர்ந்து அதைவிட அதிகமாக உள்ளே அனுப்பினால் எந்தக் கேஸ் போட்டும் பயன் இல்லை. இரவு பதினொன்றுக்கு மேல் நன்றாகக் குளிர்ந்து, மாலையில் மட்டும் தடுமாறினால், அந்த மூவாயிரத்தை மாடியில் வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடிப்பதில் போடுங்கள்.

இப்போது அவுட்டோர் யூனிட் பக்கம் போவோம். எட்டும் இடத்தில் இருந்தால் மட்டும். மூன்றாவது மாடி வெளிச்சுவரில் தொங்குவதை ஜன்னலில் இருந்தபடி பார்த்தால் போதும், சாகசம் வேண்டாம். ஃபேன் சுற்றுகிறதா? கம்ப்ரசர் சத்தம் கேட்கிறதா? மெல்லிய பைப், தடித்த பைப் என்று இரண்டு போகும். தடித்த பைப் குளிர்ந்து வியர்த்திருந்தால் சுழற்சி நன்றாக நடக்கிறது. மெல்லிய பைப்பின் நட்டில் வெள்ளையாகப் பனி பிடித்து, தடித்தது வெறுமனே இருந்தால் கேஸ் குறைவுதான் முதல் சந்தேகம். அழுத்தம் இறங்கிவிடுவதால் கொதிநிலையும் இறங்கி, காயிலின் ஆரம்பத்திலேயே பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. ஆனால் இன்டோர் காயில் முழுக்க ஐஸ் கட்டி, தடித்த பைப்பிலும் ஐஸ் ஏறியிருந்தால் கேஸைக் குற்றம் சொல்லாதீர்கள். காற்றோட்டம் இல்லை. அழுக்கு ஃபில்டர், அழுக்கு காயில், அல்லது உள்ளே சுற்றும் ப்ளோயர் உருளை முழுக்கப் பூஞ்சை.

ஐஸைப் பார்த்ததும் "கேஸ்" என்பவர்கள் உண்டு. இரண்டு ஐஸும் வேறு வேறு.

பெரம்பூரில் இருக்கும் என் பெரியம்மா வீட்டு ஏசி பழைய மாடல், இன்வெர்ட்டர் இல்லாதது. ஒருநாள் போன்: "டேய், கம்ப்ரசர் போயிடுச்சாம்டா. பதினாலாயிரம் கேக்கறான். புதுசே வாங்கிடலாமா?" போய்ப் பார்த்தேன். ஆன் செய்ததும் அவுட்டோர் ஃபேன் சுற்றியது. கம்ப்ரசர் மட்டும் "ம்ம்ம்" என்று சில விநாடி முனகிவிட்டு, டக் என்று அடங்கியது. சில நிமிடம் கழித்து மறுபடி அதே முனகல், அதே டக். கேட்டதும் எனக்குச் சந்தேகம் கம்ப்ரசர் மேல் வரவில்லை, கெபாசிட்டர் மேல் வந்தது. பழைய மாடல் கம்ப்ரசர் மோட்டாரைத் தள்ளிவிட ஒரு கெபாசிட்டர் வேண்டும். அது பலவீனமானால் மோட்டார் கிளம்ப முடியாமல் கரண்டை மட்டும் இழுத்து, சூடாகி, ஓவர்லோடு பாதுகாப்பு அதை நிறுத்திவிடும். அந்த டக் சத்தம் அதுதான்.

தெரிந்த இன்னொரு மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் பவரை நிறுத்தி, கெபாசிட்டரின் மிச்சச் சார்ஜை இறக்கிவிட்டு, மீட்டரில் வைத்தார். மேலே 50 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டர் 31 காட்டியது. ஐந்து சதவீதம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. இது போனது போனதுதான். "கம்ப்ரசரையும் பாத்துடறேன்" என்று அவரே மூன்று முனைகளையும் அளந்தார். ரன், ஸ்டார்ட், காமன் என்று மூன்று. ரன்னுக்கும் காமனுக்கும் உள்ள ஓம், ஸ்டார்ட்டுக்கும் காமனுக்கும் உள்ள ஓம், இரண்டையும் கூட்டினால் ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் நடுவில் வரும் ஓம் கிடைக்க வேண்டும். கூடுதல் சரியாக வந்து, எந்த முனைக்கும் பாடிக்கும் தொடர்பு இல்லை என்றால் வைண்டிங் நல்லது. சரியாக வந்தது. கெபாசிட்டரும் கூலியும் சேர்த்து எண்ணூறு ரூபாய்க்குள் முடிந்தது. பெரியம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார். முதலில் வந்தவர் பொய் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்ற விவாதம் அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை. அவர் மீட்டரே எடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நீங்களாகக் கெபாசிட்டரைத் தொட வேண்டாம், பவர் நிறுத்திய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். ஆனால் "அளந்து காட்டுங்க" என்று கேட்கத் தடை எதுவும் இல்லை. கம்ப்ரசர் போய்விட்டது என்பவர் மூன்று எண்களைச் சொல்ல முடியவில்லை என்றால் அந்தத் தீர்ப்பை ஏற்காதீர்கள். இன்னொன்று, கம்ப்ரசருக்கு ஒரு பைசா கொடுக்கும் முன் வாரண்டி கார்டைத் தேடி எடுங்கள். முழு மெஷினுக்கு ஒரு வருஷம்தான் என்றாலும் கம்ப்ரசருக்கு மட்டும் பத்து வருஷம் வரை பல கம்பெனிகள் கொடுக்கின்றன. கேஸ், கூலி, வண்டிச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். ஆனாலும் பெரிய தொகை மிச்சம்.

கேஸ் விஷயத்துக்குத் திரும்புகிறேன், நிறையப் பணம் போவது அங்கேதான். பழைய ஏசிகளில் ஆர்-22 இருக்கும். ஓடும்போது கேஜில் 60, 70 பிஎஸ்ஐ காட்டினால் சரி. அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ, இப்போது பரவலாக இருக்கும் ஆர்-32 இரண்டிலும் அந்த அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்கு. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் தன் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பதால் ஓடும் அழுத்தத்தை மட்டும் பார்த்துக் கேஸின் அளவைச் சொல்ல முடியாது. கேஸ் எத்தனை கிராம் என்று அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து, தராசில் சிலிண்டரை வைத்து, எடை போட்டு ஏற்றுவதுதான் முறை. தராசு இல்லாமல், பைப்பைத் தடவிப் பார்த்துவிட்டு "போதும்" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேஸ் அதிகமானாலும் கூலிங் குறையும், கம்ப்ரசருக்கும் ஆகாது.

ஒழுங்கான கேஸ் வேலை எப்படி இருக்கும்? முதலில் பைப்புகளை இணைக்கும் ஃப்ளேர் நட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் கசியும், அதில் தூசி ஒட்டி லீக் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிறகு நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, சோப்பு நுரை தடவி, எங்கே குமிழ் வருகிறது என்று தேடுவார்கள். லீக்கை அடைத்த பிறகு வேக்யூம் பம்ப் போட்டு அரை மணி நேரமாவது இழுத்து, உள்ளே காற்றும் ஈரமும் இல்லாமல் செய்வார்கள். கடைசியில்தான் கேஸ். இத்தனைக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆகலாம். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு அதே மூவாயிரம் வாங்கிப் போகிறவர் விற்றது வெறும் டாப்-அப். நட்டு லூஸாக இருந்தது தெரிந்து, அதை இறுக்கி, குறைந்ததை ஏற்றினால் அது நியாயம். ஆனால் அதற்கு முழுக் கேஸின் விலை கிடையாது.

ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை. சில மாடல்களில் வரும் ஆர்-290 என்பது புரொப்பேன். அது நன்றாகவே எரியும். உள்ளே கேஸ் இருக்கும்போதே டார்ச் பற்றவைத்து "வெல்டிங்" அடிக்கத் தொடங்கும் ஆளை உடனே நிறுத்துங்கள். இதில் கூச்சம் வேண்டாம். சுற்றுச்சூழலைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்: ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் கலந்தால், சுமார் இரண்டாயிரம் கிலோ கரியமில வாயு செய்யும் வெப்பத்தை அது செய்யும். மிச்சக் கேஸை "புஸ்"ஸென்று திறந்துவிட்டுப் புதுசு போடுவது சாதாரணக் காரியமல்ல.

எங்கள் வீட்டு மெஷின் கதை வேறு மாதிரி. நாங்கள் இருப்பது திருவான்மியூரில், கடல் காற்று ஜன்னல் கிரில்லை வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் கேட்கவைக்கும் தூரத்தில். அவுட்டோரின் அலுமினியத் தகடுகள் கையில் பட்டால் பொடியாக உதிரும். ஆனால் லீக் அங்கே இல்லை, உள்ளே இருந்தது. இன்டோர் காயிலின் செம்புக் குழாயில் கண்ணுக்குத் தெரியாத துளை. ஈரமும், பிளைவுட் பசை, துப்புரவு திரவங்கள் போன்றவற்றிலிருந்து வரும் அமில ஆவியும் சேர்ந்தால் செம்பை எறும்புப் புற்று போலக் குடைந்துவிடும்; இந்த வகை அரிப்புக்குப் பெயரே எறும்புப் புற்று அரிப்புதான். ஒரு துளையை அடைக்கலாம். ஆனால் ஒரே குழாய், ஒரே காற்று. அடுத்த துளை பக்கத்திலேயே காத்திருக்கும். அடைத்துக் கொடுக்க வந்தவர் நேர்மையாகவே சொன்னார்: "இப்ப அடைச்சுத் தரேன் சார். கேரண்டி கேக்காதீங்க."

காயிலை மாற்ற ஒன்பதாயிரம், கேஸுக்கு மூவாயிரம். மெஷினுக்கு வயது எட்டு. இங்கேதான் கணக்குப் போட வேண்டும். புது விலையில் பாதியைத் தாண்டினால் தூக்கிப் போடு என்று ஒரு விதி உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்தப் பாகம் போனது என்பதுதான் கேள்வி. கெபாசிட்டர், சென்சார், ஃபேன் மோட்டார் போனால், பத்து வயது மெஷினாக இருந்தாலும் சரிசெய்யலாம். மோட்டார் மூவாயிரம் நாலாயிரத்தில் வந்துவிடும். காயில் அரித்துவிட்டது என்றால், நாலாயிரத்தில் அடைத்துத் தருகிறேன் என்றாலும் யோசிக்க வேண்டும், அது திரும்ப வரும் செலவு. ஆர்-22 மெஷினில் பெரிய வேலை என்றால் நான் சரிசெய்ய மாட்டேன். மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி அந்தக் கேஸை இந்தியா 2030க்குள் பெரும்பாலும் ஒழிக்க வேண்டியிருக்கிறது, விலை ஏறத்தான் செய்யும்.

இன்வெர்ட்டர் ஏசிகளில் பெரிய திகில் பிசிபி போர்டு. புது அவுட்டோர் போர்டுக்கு எட்டாயிரம், பத்தாயிரம் என்று எஸ்டிமேட் வரும். நம் ஊரில் அந்தப் போர்டுகளுக்கு எமன் பெரும்பாலும் பல்லி. கதகதப்புத் தேடி உள்ளே நுழைந்து, இரண்டு முனைகளில் ஒரே நேரத்தில் கால் வைத்து, தானும் செத்து போர்டையும் எரித்துவிடும். எறும்புக் கூட்டமும் அதே வேலையைச் செய்யும். எல்லா எரிந்த போர்டும் குப்பை இல்லை. சென்னை ரிச்சி தெருப் பக்கமும் மற்ற ஊர்களிலும் போர்டு சர்வீஸ் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். போன ரிலேயையோ ஃபியூஸையோ பவர் மாட்யூலையோ மாற்றி இரண்டு, மூன்றாயிரத்தில் கொடுப்பார்கள். புதுப் போர்டு வாங்கும் முன் அங்கே ஒருமுறை காட்டுவது என் வழக்கம். டிஸ்ப்ளேயில் வரும் எரர் கோடை போட்டோ எடுத்து வையுங்கள், ஆஃப் செய்து ஆன் செய்தால் சில நேரம் மறைந்துவிடும். ஒரு கம்பெனியின் இ-6 இன்னொரு கம்பெனியில் வேறு அர்த்தம், உங்கள் மாடலின் கையேட்டில் பாருங்கள்.

எங்கள் மெஷினை மாற்றிவிட்டோம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியதும் அந்த முடிவைக் கொஞ்சம் சுலபமாக்கியது. ஆனால் கடையில் ஒட்டியிருக்கும் விலையை ரிப்பேர் செலவோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். மாட்டும் கூலி, ஸ்டாண்டு, கொடுத்ததைவிட நீளமாகத் தேவைப்படும் செம்புப் பைப், சுவரில் துளை, ட்ரெயின் பைப் எல்லாம் சேர்த்து நாலைந்தாயிரம் தனியாக வரும். பைப் மீட்டர் கணக்கில் வருவதால் அளவைக் கூடவே நின்று பாருங்கள். பழைய பைப்பையே பயன்படுத்தலாம் என்று சொன்னால், அதன் கனம் புது மெஷினுக்குப் பொருந்துமா, எட்டு வருஷ எண்ணெய் உள்ளே இருக்கிறதே என்று கேளுங்கள்.

பழசைக் கழற்ற வருகிறவரிடம் பம்ப் டவுன் செய்யச் சொல்லுங்கள். வால்வை மூடி மிச்சக் கேஸை எல்லாம் அவுட்டோருக்குள் இழுத்து அடைத்துவிட்டுக் கழற்றுவது, சில நிமிட வேலை. கழற்றிய செம்புப் பைப்பைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கிளம்புவதற்குள், அதன் விலை எக்ஸ்சேஞ்ச் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று பில்லைப் பாருங்கள். எங்கள் பில்லில் சேரவில்லை. கேட்டதும் "அது எப்பவும் எங்களோடது சார்" என்றார். இல்லை என்றேன். பைப் இப்போது எங்கள் பால்கனியில் இருக்கிறது, பழைய இரும்புக்காரர் வந்தால் எடைக்குப் போட வேண்டும்.